அல்லாஹ்வின் மேல் போட்ட பழி

இன்று துணிக்கடையில் அந்தம்மாவைப் பார்த்தேன். தன் மகனுக்கு என் பெண்ணைப் பார்க்க, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்.

மகள் வேலைக்கு லீவு போட்டாள். நான் சாயங்காலம் மஃரிப் பாங்கு வரை பிரியாணி தம்மைப் பிரிக்காமல் காத்திருந்தேன். அவர் போனைக்கூட எடுக்கவில்லை.

இன்று நிக்காஹ் புடவை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு பெண்ணுக்கு.

சலாம் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஏங்க, வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் இன்ஷா அல்லாஹ்னுதானே சொன்னேன்? அல்லாஹ் நாடலை, என்ன பண்றது?"

'அல்லாஹ் நாடினால் வருகிறேன்' என்றவர் கிளம்பவாவது வேண்டும். வழியில் பஸ் நின்றுபோனால் அது அவன் நாட்டம். வீட்டைவிட்டே கிளம்பாதது யார் நாட்டம்?

"கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணுக்கும் இன்ஷா அல்லாஹ் சீக்கிரமே அமையும்" என்றார்.

"ஆமீன்" என்றேன். யார் வாயிலிருந்து வந்தாலும் துஆவை வேண்டாமென்று சொல்ல முடியுமா?

ஆனால் இனி யாராவது "இன்ஷா அல்லாஹ் வர்றோம்" என்றால், அவர்கள் என் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் அரிசியை ஊறவைப்பேன்.

உங்கள் வீட்டில் எப்படி?