டைனோசர் பங்காளிகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு நான் வாயைத் திறந்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் தாம்பூலத் தட்டை மாற்றியாக வேண்டும்.

என் அத்தையை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கையை, பெண் பார்க்கச் சிவகிரியிலிருந்து வந்திருந்தார்கள். அத்தைக்கு இருபத்தேழு வயது. எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் அது தெருவே பேசுகிற வயது. அதுவரை ஐந்து இடத்திலிருந்து வந்து, கேசரி சாப்பிட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். லெட்டர் வந்ததில்லை. இந்த ஆறாவது இடம்தான் பாயில் உட்கார்ந்தபடியே “பிடிச்சிருக்கு” என்று சொன்னது. மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் கிளார்க். அதிகம் பேசாதவர். அத்தைக்கும் பிடித்திருந்தது என்பதை நான் கண்டுபிடித்திருந்தேன். கதவிடுக்கு வழியாக அவள் மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். முந்தைய ஐந்து பேருக்கும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

எங்கள் முன்னறைச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் அம்மா என் சார்ட்டைத் தொங்கவிட்டிருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எக்ஸிபிஷன். ஏழாம் வகுப்பில் எனக்கு விழுந்தது டைனோசர். படம் முழுக்க அத்தை வரைந்தது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை என்பதால், அவள் போட்ட டைனோசர்கள் எல்லாமே கொஞ்சம் அழகாகவும் சாதுவாகவும் இருந்தன.

உச்சியில் ஒரு மூதாதை. அதிலிருந்து இரண்டு கிளை. இடதுபக்கம் பல்லி இடுப்புக் கூட்டம், வலதுபக்கம் பறவை இடுப்புக் கூட்டம். இடுப்பின் அடியில் உள்ள ஒரு எலும்பு முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால் பல்லி இடுப்பு. அதே எலும்பு பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் பறவை இடுப்பு. பல்லி இடுப்பில் மறுபடி இரண்டு பிரிவு: இரண்டு காலில் ஓடிக் கறி தின்பவை ஒன்று, நீளக் கழுத்தோடு இலை தின்னும் மலை போன்றவை இன்னொன்று. பறவை இடுப்பில் முதுகெல்லாம் தகடு நட்டவை, உடம்பே கவசமானவை, மூன்று கொம்பு வைத்தவை, வாத்து மூக்கு வைத்தவை.

எனக்கு இது முதலில் பிடிபடவே இல்லை. கறி தின்பதையும் இலை தின்பதையும் ஒரே கூட்டத்தில் போட்டுவிட்டு, இலை தின்னும் இரண்டை எதிரெதிர்ப் பக்கத்தில் வைப்பது என்ன நியாயம்? தின்பதையும் வெளித் தோற்றத்தையும் பார்க்கக் கூடாது, யார் வழியில் வந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வர்ணம் தீட்டிக்கொண்டே அத்தை அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

“நம்ம பெரியப்பாவும் மெட்ராஸ் சித்தப்பாவும் மாதிரிட்டி. ஒருத்தர் சைவம், ஒருத்தர் கோழி இல்லாம உண்ண மாட்டார். பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனாலும் பங்காளிதான?”

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அளவுக்கு மீறியே தெளிவாகிவிட்டது. பெயர் பொருந்துகிறதே என்று பறவை இடுப்புக் கூட்டத்தின் அடியில் நானாகவே ஒரு கோழிப் படத்தையும் வெட்டி ஒட்டினேன்.

நாலு மணிக்கு மேல், தட்டு மாற்றக் காத்திருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா சார்ட்டைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் பேச்சை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். கலகலப்பான மனிதர்.

“என்ன பிள்ளே இது? எல்லாம் நம்ம வேலியில ஓடுத ஓணான் மாதிரில்லா இருக்கு!”

நான் எழுந்து நின்று, டீச்சர் பழக்கியபடி, குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். எலும்பைப் பார்த்தால் போதும், யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லிவிடலாம் என்று முடித்தேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம்.

“சரி, அப்போ எங்களை எந்தக் கூட்டத்துல போடுவ? கொம்பு வச்சதுலயா, கழுத்து நீண்டதுலயா?” என்றார் அவர்.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருவராகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் இடது காதுக்கு வந்ததும் என் பார்வை நின்றது. மடல் தொடங்குகிற இடத்தில், கன்னத்தை ஒட்டி, குண்டூசி முனை அளவில் ஒரு துளை. காது குத்தியது அல்ல, பிறவியிலேயே வருவது. எங்கள் வீட்டில் பெரியப்பா, அப்பா, அத்தை, நான் எல்லோருக்கும் அதே இடத்தில் அதே துளை உண்டு.

“மாப்பிள்ளைக்கும் எங்களுக்கும் ஒரே துளை இருக்கு. அப்போ ஒரே மூதாதை. நீங்க எங்க பங்காளி!” என்றேன்.

சிரிப்பு நின்றுபோனது. பங்காளி வீட்டுப் பையன் என்றால் அத்தைக்கு அண்ணன் முறை. கல்யாணப் பேச்சை எடுத்ததே பாவமாகிவிடும்.

பெரியப்பா எழுந்து மாப்பிள்ளையின் அருகில் போய்க் குனிந்து காதைப் பார்த்தார். அவர்தான் எங்கள் வகையறாவின் விவரங்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர். “பஞ்ச காலத்துல நம்ம கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர் மேற்க சிவகிரிப் பக்கம் போனதாச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் தாக்கல் தகவலே இல்ல” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. “என்ன அண்ணாச்சி, ஒரு சின்னப்பிள்ளை சொல்லிச்சுன்னு… எங்க குலசாமி சாஸ்தா வேற, உங்க சாஸ்தா வேற. கேட்டுத்தான வந்திருக்கோம்?”

“போன இடத்துல சாமிய மாத்திக் கும்பிட்டவங்க எத்தனை பேர் வே! ரத்தத்த மாத்த முடியுமா?” என்றார் பெரியப்பா.

கடிகாரம் நாலரை அடித்தது. அம்மா வந்து, பாயின் நடுவில் இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் என் தொடையில் ஒரு கிள்ளு. இன்றும் என் மகள் விருந்தாளிகள் முன்னால் வாயைத் திறந்தால் என் கை தானாகத் தொடையைத் தடவிக்கொள்கிறது.

அப்போதுதான் மாப்பிள்ளை முதன்முறையாகப் பேசினார். “இது எங்க அம்மை வழி. சித்தப்பாவப் பாருங்க, கூட வந்திருக்க எங்க அத்தையைப் பாருங்க, யாருக்கும் கிடையாது. அம்மைக்குத்தான் உண்டு.”

பெரியப்பா அவர்களுடைய காதுகளையும் வரிசையாகப் பார்த்தார். கல்யாணம் பேச வந்தவர்கள் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். “அம்மை வழின்னா பயமில்ல. அது பங்காளி ஆகாது. அப்படியே பழைய சொந்தம் இருந்தாலும் கட்டிக்கிடுத முறைதான்” என்று அவர் மெல்லச் சொன்னார். ஆனாலும் மனம் ஆறவில்லை. “அவங்களை ஒருதடவை நேர்ல பாத்துட்டா நல்லது.”

“மதினி வர மாட்டாங்க” என்று சித்தப்பா தயங்கினார். “நல்ல காரியம் பாருங்க. அண்ணன் போனதுலேர்ந்து எதுக்கும் முன்ன வாரதில்ல.”

விசாரித்ததில் தெரிந்தது. அந்த அம்மாளும் அதே பஸ்ஸில் சிவகிரியிலிருந்து கூடவே வந்திருக்கிறார். எங்கள் தெருமுனை வரை நடந்தும் வந்திருக்கிறார். அங்கே நின்றுகொண்டு இவர்களை அனுப்பிவிட்டு, தேரடிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை அப்பாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிவரப் போனார்.

நான் அடுப்படிக்குப் போனேன். அத்தை பட்டுச் சேலையோடு அம்மிக்கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கத் தெரியவில்லை. அழுதேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“நீ சொன்னதுல தப்பில்லட்டி. துளை இருக்கத்தான செய்யுது. காப்பி குடுக்கும்போதே நானும் பாத்தேன்.”

“பாத்தியா? பின்ன ஏன் சொல்லல?”

அத்தை நகத்தில் ஒட்டியிருந்த பச்சை வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சார்ட்டை வரைந்தவளுக்கு, துளை ஒன்றென்றால் பங்காளி என்கிற இவ்வளவு எளிய விஷயம் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இளக்காரம்கூட ஏற்பட்டது.

எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது. சில வருடங்களுக்கு முன் என் மகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, “பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்துலேர்ந்துதாம்மா, பறவை இடுப்புலேர்ந்து இல்ல” என்றாள். பறவைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடுப்பு ஒன்றுபோல இருந்தது உண்மைதானாம். ஆனால் அது இரண்டு வழியிலும் தனித்தனியாக வந்ததாம். நான் அன்று கோழியை ஒட்டிய பக்கமே தப்பு. ஒன்றுபோல இருப்பதெல்லாம் ஒரே வழியில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அன்று அந்த நாலு மணி பத்து நிமிடத்துக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். உடனே, தெரியாமல் இருந்ததே நல்லது என்றும் நினைத்தேன்.

ஆறு மணி தாண்டி, விளக்கேற்றும் நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா வந்தார். மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, பக்கத்தில் நடந்தே வந்தார். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, ஒல்லியான உருவம். வாசற்படிக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டார். அப்பா “உள்ள வாங்க” என்று சொன்னார். ஆனால் அந்தக் குரலில் வலு இல்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டவர்போல “இருக்கட்டும், இங்கனயே நிக்கேன்” என்றார். முக்காட்டை ஒதுக்கி இடது காதைத் திருப்பிக் காட்டினார். துளை இருந்தது. தான் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர் என்று சொல்லி, தன் அப்பா, தாத்தா பெயர்களையெல்லாம் கேட்காமலேயே வரிசையாகச் சொன்னார். அவை எல்லாமே எங்கள் வகையறாவில் இல்லாத பெயர்கள். பெரியப்பா செருமிக்கொண்டு, “சரிதான், குறை ஒண்ணுமில்ல” என்றார்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அத்தை ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயைத் தாண்டி, யாரையும் கேட்காமல், படியிறங்கித் தெருவுக்குப் போனாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. இருவரும் சேர்ந்து படியேறி வந்தார்கள். பெரியப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவருடைய தோளைத் தொட்டதும் ஒதுங்கி வழிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து தட்டை மறுபடி எடுத்துவந்தாள்.

“யாரு அந்தப் பிள்ளை?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு போய் நின்றேன். கை தலையில்தான் விழுந்தது, மெதுவாக. கண்ணைத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு தொந்தரவு கொடுத்தவளை ஏன் திட்டாமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை ஏன் அவர் கையை இன்னும் விடவில்லை என்பதும் விளங்கவில்லை.

“நீ வாயத் தொறந்ததாலதான் மக்கா, என் மருமவ மொகத்தை இன்னைக்குப் பாத்தேன். இல்லன்னா கல்யாணத்தன்னைக்கும் நான் பின்கட்டுலதான் இருந்திருப்பேன்” என்றார்.