கலர் பாட்டிலில் வாய்க்கால் தண்ணீர்

தோழிகளே, படிப்பு முடிந்து போனவள் எதற்கு எழுதுகிறாள் என்று கோபிக்காதீர்கள். விடுதிப் பலகையில் ஒட்டிவிட்டால் எல்லோரும் படிக்கலாம்.

கோச்சடையில் எங்கள் கீரைப் பாத்திக்குப் பாயும் வாய்க்காலில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஒரு மாதமாகிறது. அரைக்கீரை வேரோடு கருகுகிறது. மிஞ்சியதை விற்கவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தப் பாத்தியால்தான்.

இன்று அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு பழைய கலர் சோடா பாட்டிலில் பிடித்து, மனுவோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். மேஜையில் வைத்ததும் குமாஸ்தா முகம் மலர்ந்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் கலர் வாங்கி வருவது அங்கே வழக்கமாம்.

"இந்த வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும். உனக்கு எதுக்குத் தாயி சிரமம்?" என்றபடி தக்கையைப் பிடுங்கினார்.

"சார், அது எங்க வாய்க்கால் தண்ணி."

பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார்.

"குடிக்கிற தண்ணின்னா மேல எழுதலாம். இது பாத்திக்குத்தான பாயுது? கீரையா வந்து மனு கொடுத்துச்சு?"

அந்தக் கீரையைத் தின்பது யார் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது படியிறங்கிய பிறகுதான் வாயில் வந்தது.

"அப்ப எந்த ஆபீஸ்ல கொடுக்கணும் சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"இம்புட்டுப் படிச்ச புள்ள, உனக்கே தெரியலையா?"

பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. 'கலர் அல்ல' என்று தாள் ஒட்டியிருக்கிறேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களில் வேதியியல் படிக்கிறவர்கள் யாராவது இதைச் சோதித்து, என்ன கலந்திருக்கிறது என்று எழுதித் தருவீர்களா?