குடிநீக்கம்

கேட்ட புத்தகம் "இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் நூலகரம்மாவுக்குச் சிரிப்புதான் வரும். "அதுக்கென்ன தெரியும், நேத்து வந்தது" என்றபடி செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு அலமாரிகளுக்குள் புகுந்துவிடுவார். சட்ட நூலகத்தில் முப்பத்தொரு வருடம். எந்தப் புத்தகத்திலும் முதலில் அடிக்குறிப்பு, நேரமிருந்தால் மற்றது. அதனால் வக்கீல்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு அக்கா. புருஷன் எழுதும் மளிகைச் சீட்டிலும் "இதுக்கு ஆதாரம் எங்க?" என்று கேட்பார் என்பது அவர்கள் கட்டிய கதை. உண்மையும்கூட.

ஒரு நாள் காலை வக்கீலம்மா ஒருவர் மூச்சிரைக்க வந்தார். வாடகைச் சட்டத்தைத் திருத்த ஒரு குழு உட்கார்ந்திருந்தது. வீட்டைக் காலி செய்ய இருந்த மூன்று மாதத் தவணை, இனி பதினைந்தே நாள் என்பது அவர்கள் யோசனை.

"இதைப் பத்தி யாரும் ஆராய்ச்சியே பண்ணலைன்னு சாதிக்கிறாங்கக்கா. பழைய ஆணையம் ஒண்ணு அறிக்கை கொடுத்ததாக் கேள்வி. மூணு மணிக்குள்ள வேணும்."

"பதினஞ்சு நாளா? நான் ஒன்பது வீடு மாறினவ. பாத்திரம் கட்டவே பத்தாதே!"

வாடகை அலமாரியில் இல்லை. வீடு, நிலம், ஒப்பந்தம், எதிலும் இல்லை. மணி ஒன்றரை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. வக்கீலம்மா நகத்தைக் கடிக்க, அக்கா ஏணியில் நின்றபடி கேட்டார்: "அந்தக் காலத்துல என்ன தலைப்பு வச்சிருப்பாங்க?"

"குடிநீக்கச் சட்டச் சீர்திருத்தம்னு ஏதோ..."

"குடிநீக்கமா?"

தலையில் அடித்துக்கொண்டு இறங்கியவர் நேராகக் கடைசி அறைக்குப் போனார். மது ஒழிப்பு அலமாரியில், கள்ளச்சாராயத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே, அறிக்கை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்வதை, குடிப்பழக்கத்தை விடுவது என்று நினைத்து எவரோ ஒரு புண்ணியவான் அடுக்கியிருக்கிறார்.

"நாப்பது வருஷமா தண்ணி போடறவங்களோட உக்கார வச்சிருக்கான், பாவி!" என்று திட்டிக்கொண்டே கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். தவணையைக் குறைத்துப் பார்த்த ஊர்களில் எத்தனை பிள்ளைகள் பாதியில் பள்ளியை விட்டு நின்றார்கள் என்ற விவரம், எறும்பு எழுத்தில், அடிக்குறிப்பாகத்தான் கிடந்தது.

சாயங்காலம் வக்கீலம்மா ஓடி வந்தார். "அக்கா! மூணு மாசம் அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. அந்த அடிக்குறிப்பை வாசிச்சதும் குழுத் தலைவரே பதினஞ்சு நாளை அடிச்சுட்டார்!" என்று கட்டிக்கொள்ளக் கைகளை விரித்தார்.

அக்காவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அறிக்கையைத் திருப்பி வாங்க உள்ளங்கையை முன்னால் நீட்டினார்.