எந்தக் கணக்கிலும் வராத தைலம்மாள்

மணலூர்பேட்டை நிறுத்தத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் தைலம்மாள் வாய்விட்டுப் படிக்கிறாள். "தி... ரு... க்... கோ..." என்று கூட்டுவதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். "இன்னா அவசரம் இவனுக்கு! ஊரு பேர முழுசா படிக்க வுட மாட்றான்" என்று திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிமிர்வாள். ஏற வேண்டிய பஸ்ஸை இன்னமும் யாரையாவது கேட்டுத்தான் ஏறுகிறாள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கரும்பில் காய்ந்து தொங்கும் சோகையை உரிப்பாள், நெல்லுக்குக் களை எடுப்பாள். சோகை கிழித்த கோடுகள் முழங்கை வரை ஓடும். பென்சிலையும் களைக்கொத்து மாதிரிதான் இறுக்கிப் பிடிப்பாள். முனை ஒடியும்போதெல்லாம் பென்சிலைத்தான் குறை சொல்வாள்.

எழுத்துகளை அவள் கற்றது பள்ளிக்கூட வராந்தாவில், பள்ளிக்கல்வித் துறைப் பணத்தில் நடந்த மாலை வகுப்பில். கூட்டிப் படிக்க வந்ததும் பரீட்சை வைத்து, தேறியவள் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அத்தோடு பணமும் தீர்ந்தது, வகுப்பும் நின்றது.

இந்த வருஷம் அதே வராந்தாவில் ஒரு தொண்டு நிறுவனம் வகுப்பு தொடங்கியது. தைலம்மாள் முதல் ஆளாகப் போய் நின்றாள். பாடம் எடுக்கும் இசைவாணி தயங்கினாள்.

"நீங்க பாஸ் பண்ணவங்கக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் எங்களுக்குப் பணம் வருது. தெரிஞ்சவங்களுக்கான பணம் வேற ஆபீசுக்குப் போவுது. அவங்க கள்ளக்குறிச்சியில, பகல்ல நடத்தறாங்க."

"பகல்ல களைக்குப் போவாம சோத்துக்கு இன்னா பண்றது? எனுக்கு எழுத்துதாம்மா தெரியும். படிக்க எங்க தெரியுது?"

இசைவாணிக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமே தெரியாதுன்னு கைநாட்டு வச்சிடுங்க. சேத்துக்கறேன்" என்று மைப்பெட்டியை நகர்த்தினாள்.

தைலம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வச்ச வரைக்கும் போதும். கையெழுத்து கேளு, பத்து போடறேன்."

"பேரு ஏறலன்னா புத்தகம் தர முடியாதுக்கா."

"வாணாம். சும்மா குந்திகினு இருக்கேன்."

மறுநாள் சாயங்காலம் சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். இசைவாணி ஒவ்வொரு பெயராக அழைத்து முடித்து, வருகைப் பதிவேட்டை மூடப் போனாள்.

தைலம்மாள் எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"உள்ளேன் அம்மா."