இரண்டு சீட்டு, இரண்டு சின்னம்

அந்தக் காலத்தில் சட்டசபைக்கும் டெல்லிக்கும் ஒரே நாளில்தான் ஓட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுப்பார்கள். அறுபத்திரண்டா, அறுபத்தேழா, நிச்சயமில்லை. கடுக்காய் நன்றாகக் காய்த்த வருஷம். மாசியிலும் மலையில் குளிர் விடவில்லை. எங்கள் சாமைத்தாள் களத்தில் போராகக் கிடந்தது. தாள்மேல் மாடு ஓட்டி மணி உதிர்க்க ஊரே வரும். அவர்கள் களத்துக்கு நான் போவேன். கூலி கிடையாது, எங்கள் மலையில் அப்படித்தான்.

ஓட்டுக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். தட்டில் வெற்றிலை. எடுத்துக்கொண்டால் ஊர்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக அர்த்தம். கல்யாணப் பேச்சுக்கும் அதுதான், பன்றி வேட்டைக்கும் அதுதான்.

"ரெண்டு சீட்டும் ஒரே சின்னம். பிரிச்சுப் போட்டா கீழ இருக்கறவன் நம்மள மதிக்கமாட்டான்" என்றார்.

அதிலும் நியாயம் இருந்தது. டெல்லிக்கு அவர் சொன்ன ஆள் எனக்கும் சம்மதம். ஆனால் சட்டசபைக்கு நின்ற அதே கட்சிக்காரர் மலை ஏறியதே இல்லை. எதிர்த்து நின்ற ஆலங்காயத்து வியாபாரி ஏறி வந்தார். பாறையில் வழுக்கி, செருப்பு ஒன்று பள்ளத்தில் போய், ஒற்றைச் செருப்போடு எங்கள் ஊற்றைப் பார்த்தார். அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடித்தும் பார்த்தார்.

என் முறை வந்ததும் வெற்றிலையைக் கிழித்துப் பாதியை எடுத்தேன்.

"இன்னாடா இது?" என்றார் கவுண்டர்.

"டெல்லி சீட்டு ஊருக்குங்க. இன்னொண்ணு என் இஷ்டம்."

"பொண்ணு கட்டும்போதும் பாதிதான் கேட்டியா மாமா?" என்றான் மச்சான், என் மனைவியின் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை.

"உன் களத்துக்கு எவனும் வரமாட்டான்."

"வேணாங்க. நானும் அவளும் ஓட்டிக்கிறோம்."

ஓட்டு நாளில், சாவடி இருந்த புதூர்நாட்டுக்கு நடந்து போய், சொன்னபடியே குத்திவிட்டு வந்தேன். மனைவியும் குத்தினாள். எதில் என்று நான் கேட்கவில்லை.

களத்துக்கு யாரும் வரவில்லை. நான் தாளைப் புரட்ட, அவள் இரண்டு மாட்டோடு சுற்றிச் சுற்றி நடந்தாள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. நனைந்தால் வருஷச் சாப்பாடு போச்சு. மச்சான் வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"மாமா, தப்பாக் குத்திட்டேன்னு கவுண்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே ஊரு வந்துடும்."

நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "தப்பாக் குத்தலியேடா. வர்றதுன்னா வா. இல்லன்னா வூட்டுக்குப் போ, மாடு மெரளுது."

அவன் போய்விட்டான். ஓலைப் பாயால் போரை மூடுவோம். வெயில் வந்தால் திறந்து ஓட்டுவோம். முடியப் பங்குனி பாதி ஆயிற்று. முடித்தோம்.