கனகாம்பிகையும் வி-2 ராக்கெட்டும்

என் மனைவி கனகாம்பிகை மூன்று வருடம் ஒரு ராக்கெட்டைத் துடைத்தாள். லண்டனில் ஒரு போர் அருங்காட்சியகத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. அங்கே கூரையை முட்டுகிற மாதிரி நிற்பதுதான் வி-2. 1944இல் ஹிட்லரின் ஆட்கள் இந்த ஊர்மேல் ஏவிய சாமான்.

1993இல், காட்சிக்கூடத்தில் நீலக் கோட்டுப் போட்டு நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை ஒன்று காலியானது. அதற்கு விண்ணப்பம் போட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"வாளியோட நிக்கிற உன்னட்டை ஆரப்பா விளக்கம் கேக்கப் போறாங்கள்?"

"துடைக்கிறவளுக்குத்தான் தெரியும், எந்த ஆணி எங்கை இருக்கெண்டு. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எங்கள் வீட்டுப் பக்கம் கோலியர்ஸ் வுட் நூலகத்தில் புத்தகம் எடுத்து அகராதியோடு படித்தாள். சுரங்கத்துக்குள் கைதிகளை அடைத்துவைத்து இதைச் செய்வித்தார்களாம். இது விழுந்து செத்தவர்களைவிட, செய்யும்போது செத்தவர்கள் கூடவாம். நிலவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட்டும் இதன் வழியில் வந்ததாம். சோறு போடும்போதும் இதே கதைதான்.

சோதனை நாளில் நான் லீவு போட்டுப் போய் ஒரு பீரங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வருகிறவர்கள் கேட்பதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் பீற்றர் பக்கத்தில் நின்று ஒரு தாளில் புள்ளி போடுவார்.

கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். "என் வீட்டில் இது விழுந்தது. அது வருகிற சத்தம் எனக்கு ஏன் கேட்கவில்லை?"

மனப்பாடம் பண்ணிய வேகம், உயரம், எடைக் கணக்கெல்லாம் அவளுக்கு மறந்துபோனது, முகத்திலேயே தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்.

"யாழ்ப்பாணத்தில ஷெல் அடிச்சா, முதல் தூரத்தில டும்மெண்டு கேக்கும். நாங்கள் எண்ணிக்கொண்டு பங்கர் குழிக்கு ஓடுவம். இது சத்தத்தைவிட வேகம், ஐயா. எண்ண நேரமே தராது. முதலில வீடு போகும், பிறகுதான் வந்த சத்தம் கேக்கும்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "நான் தெருவில் நின்றேன். அம்மா உள்ளே. காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் அவளை வெளியே கூப்பிட்டிருக்கலாம் என்று இத்தனை வருடமும் நினைத்தேன்."

"ஏலாது ஐயா. ஒருத்தராலும் ஏலாது."

பீற்றர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "திங்கட்கிழமை வந்து நீலக் கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

அவள் பீரங்கிப் பக்கம் திரும்பினாள். "வெளியில வாங்கோப்பா, கால் சப்பாத்துத் தெரியுது."

அந்த நீலக் கோட்டை வேறு எவரையும் நான் தொட விடுவதில்லை. தினமும் காலையில் நானே அயர்ன் பண்ணுகிறேன்.