அக்கா நிறுத்திய பிறகும் விழுந்த வரிகள்

பேய், ஆவி எண்டு ஆரும் கதைச்சால் முதல் ஆளாச் சிரிக்கிறவன் நான். இப்ப நீங்கள் சிரிக்கப்போறியள், சிரியுங்கோ அண்ணை, எனக்குக் கோவம் வராது, ஆனா நடந்ததைத்தான் சொல்லுறன்.

அக்காவுக்குத் தொண்டையில ஒப்பரேசன் செய்த பிறகு குரல் போயிட்டுது, வெறும் காத்தும் கரகரப்பும்தான் வரும். கொட்டாஞ்சேனைக் கோயிலில வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கிற மனுசி. பாடிப் பழகினால்தான் திரும்பும் எண்டு டொக்டர் சொல்லியும் மாட்டன் எண்டுட்டா. தன்ர குரலைத் தானே கேட்க அவவுக்கு வெறுப்பு. ஒண்டும் பதியமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித்தான் வெள்ளவத்தை வீட்டு மேசையில மைக்கை வச்சனான். நான் இரத்மலானையில ஒலிப்பதிவு வேலை பாக்கிறவன், சத்தத்துக்கெண்டே இருக்கிற ஒரு கொம்பியூட்டர் மொழியில குரல் எவ்வளவு திரும்புது எண்டு பாக்கச் சின்னப் புரோகிராம் ஒண்டு எழுதினன். பாடுற ஒவ்வொரு சுரமும் எவ்வளவு உயரம் எண்டு ஒரு பைலில இலக்கமா எழுதும், அவ்வளவுதான்.

பின்னேரம் அக்கா தொடங்கினா, பாதியில அழுகை வந்திட்டுது. "போதும் தம்பி, என்னை விடு" எண்டு குசினிக்குள்ள போயிட்டா. நான் புரோகிராமை நிப்பாட்டாமல் அப்பிடியே இருந்திட்டன். பிறகு பாத்தால், மடையன் நான், அடுத்த வரிக்குப் போகச்சொல்லுற குறியை எழுத மறந்துபோனன். அது இல்லாட்டி இலக்கமெல்லாம் ஒரே வாலா ஒட்டிக்கொண்டு வரும். பைலைத் திறந்தன். நம்பினால் நம்புங்கோ, வரி வரியா வடிவா உடைஞ்சு கிடக்குது!

தேத்தண்ணியோட வந்த அக்கா எட்டிப் பாத்தா, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இலக்கம் இலக்கமா விரலை வச்சா. "டேய், நான் மூச்செடுக்கிற இடமெல்லாம்தானடா வரி முறியுது!" அவ விட்ட இடத்தோடயும் நிக்கேல்ல, பாட்டு முடியுமட்டும் வரி கிடக்குது. நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு எழும்பிட்டன். அக்கா பயப்படேல்ல. "அப்ப என்ர குரல் எங்கயும் போகேல்ல" எண்டு சிரிச்சா. ஒப்பரேசனுக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவ சிரிச்சுப் பாத்தனான்.

பிறகு அதே புரோகிராமைத் திருப்பி ஓட்டினன், எல்லாம் ஒரே வால்தான். அக்கா விடாமல் பழகினா. இப்ப கோயிலில திரும்பவும் படிக்கிறா, கொஞ்சம் கரகரப்புத்தான், எண்டாலும் கேட்க எனக்குக் கண் கலங்கும்.

ஆனா அண்ணை, அக்காவுக்கு அந்த இலக்கத்தின்ர அர்த்தம் தெரியாது. அவ எழும்பிப் போன பிறகு விழுந்த இலக்கமெல்லாம் நல்லாக் கீழ, ஆம்பிளைக் குரல் நிக்கிற இடத்தில. அந்த அறையில நான் மட்டும்தான் இருந்தனான், வாயே திறக்கேல்ல. அக்காட்ட இண்டுவரைக்கும் சொல்லேல்ல, நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.